ஈரம் காயாத இரட்டைவால் குருவி

“எனக்கு ரெண்டும் ஒரே குருவிதான் மேடம்,” என்றான் டிரைவர்.

அவன் கையில் அந்தச் சிகிச்சை மையத்தின் பழைய விளம்பரத் தாள் இருந்தது. அதில் அச்சாகியிருந்த ஓவியத்தையும் சுவரில் தொங்கிய ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்ததில் அவனுக்குக் கழுத்து வலித்தது.

“அதே கிளை, அதே ரெட்டை வால், அதே முறைப்பு. நான் ரெண்டாவது காபி கேட்டா என் மாமியார் பார்ப்பாங்களே, அந்தப் பார்வைகூட அப்படியே இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை.

ஓவியத்தின் அருகே நின்ற டாக்டர் அவன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. ஒன்பது வயதில் பார்வை போன பெண்மணி அவர். தூக்க முடியாத தோள்களையும் மடங்காத முழங்கால்களையும் விரல்களாலேயே படித்துச் சரிசெய்யும் பிசியோதெரபிஸ்ட் என்று நாற்பது வயதுக்குள் பெயர் வாங்கியிருந்தார்.

“உங்களுக்குக் கண்ணு இருக்கு. அதான் ஏமாந்துட்டீங்க,” என்றார். “எனக்கு இருக்கிறது பத்து விரல்.”

டிரைவர் தன் முதலாளியைப் பார்த்தான். வக்கீலம்மா என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தார்கள். நீதிமன்றத்தில் ஐந்து வருடம் வாதாடிவிட்டு, பேசப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கறுப்பு அங்கியைக் கழற்றியவர். துப்பறியும் தொழிலில் பேச வேண்டியவர்கள் மற்றவர்கள்தான் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் டிரைவரை வைத்திருப்பதாக டிரைவரே சொல்லிக்கொள்வான்.

இப்போதும் வக்கீலம்மா எதுவும் கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காத்திருந்தார்.

அந்த மௌனம் டாக்டருக்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும். அவராகவே ஆரம்பித்தார்.

“எனக்குப் பார்வை மங்கிக்கிட்டே வந்த சமயம். கடைசியா தெளிவாப் பார்த்தது ஒரு கரிச்சானை. ரெட்டைவால் குருவின்னு சொல்வாங்களே, அது. வீட்டுக்குப் பின்னாடி கம்பியில உட்கார்ந்திருந்துச்சு. பருந்து ஒண்ணு அதோட கூட்டுப் பக்கம் வந்துச்சு. இத்தனூண்டு குருவி, அந்தப் பருந்து முதுகுல ஏறிக் கொத்துது. பருந்து தப்பிச்சுப் போகுது, விடாம துரத்தித் துரத்திக் கொத்துது. வானம் முழுக்க. அதுக்கப்புறம் எனக்கு எல்லாமே புகைதான்.”

அவர் விரல்கள் ஓவியத்தின் சட்டத்தைத் தடவின.

“என் தங்கச்சி என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவ. அம்மா அப்பா போனப்புறம் நான்தான் வளர்த்தேன். இந்தக் கதையைச் சொன்னாத்தான் தூங்குவா. பெருசாகி அவ இதை வரைஞ்சா. நான் தொட்டுப் பார்க்கணும்னு கத்தியால பெயிண்டை அள்ளி அள்ளி அப்பி, ஒவ்வொரு இறகையும் தனித்தனியா மேடு கட்டி வச்சா. நெஞ்சுப் பக்கத்துல மட்டும் ஈரத்தோட கட்டைவிரலை அமுக்கி ஒரு குழி. ‘உனக்காகத்தான் வச்சேன், கையை வச்சுப் பாரு’ன்னு சொன்னா. கொடுத்து மூணாவது வாரம் செத்துப்போனா.”

“எப்படி?” என்று கேட்டான் டிரைவர்.

“ஒருத்தன் பைக்குல உட்கார்ந்து போனா. கல்யாணம் பண்ணிக்கிறேன்னு வந்து நின்னவன். நான் முடியாதுன்னு அனுப்பினவன். ஓவர் ஸ்பீடு. கோர்ட்ல ஆறு மாசம் அவன் வண்டி ஓட்டக் கூடாதுன்னு தீர்ப்பு கொடுத்தாங்க.” டாக்டர் உதட்டைச் சுழித்தார். “ஆறு மாசம் நடந்து போகணுமாம். பாவம், கால் வலிச்சிருக்கும்.”

மூன்று கட்டில்கள், மூன்று திரைச்சீலைகள், சன்னல் இல்லாத சுவர்கள். மூன்றாவது கட்டிலின் ஓரத்துச் சுவரில் அந்தக் கறுப்புக் குருவி.

“பதினாலு மாசமா காலையில எட்டரைக்கு வந்ததும் அந்தக் குழியில என் இடது கட்டைவிரலை வைப்பேன். அப்புறம்தான் வேலை. எனக்கு அவ கை அங்கதான் இருக்கு. இன்னைக்கு வச்சேன், முட்டுது. உட்காரல. வலது விரலை வச்சா உட்காருது.” அவர் குரல் தாழ்ந்தது. “யாரோ என் தங்கச்சி விரலைத் தூக்கிட்டுப் போயிட்டு, அவன் விரலை எனக்கு வச்சிட்டுப் போயிருக்கான். எவன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. போலீஸ்கிட்ட போகாதீங்க. முதல்ல அவன் என் கைக்கு வரணும்.”

“வந்தா?” என்றார் வக்கீலம்மா. அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை.

“அது எனக்கும் அவனுக்கும் நடுவுல உள்ளது.”

வக்கீலம்மா எழுந்தார். குருவியின் வால் ஓரத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், நகத்தை மெல்ல அழுத்தினார். மேல்தோல் கிழிந்து நகம் உள்ளே இறங்கியது. நகக்கண்ணில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

“பதினாலு மாசக் குருவிக்கு இன்னும் ஈரம் காயலையா?” என்றான் டிரைவர். “பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது போலிருக்கே.”

வக்கீலம்மா கையை நீட்டினார். அவன் கைப்பேசியின் விளக்கைப் போட்டுக் கொடுத்தான். அவர் அதை ஓவியத்தின் இடப்புறம் பிடித்தார், வலப்புறம் பிடித்தார், மேலே தூக்கினார். இரண்டு முறை அப்படிச் செய்துவிட்டு விளக்கை அவனிடமே கொடுத்தார்.

“நீங்க பண்ணுங்க. நிழலைப் பாருங்க.”

அவன் விளக்கை ஆட்டினான். பெயிண்ட் மேடுகளின் நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. ஆனால் ஒவ்வொரு மேட்டுக்கும் இன்னொரு நிழலும் இருந்தது. அது ஓடவில்லை. விளக்கு எங்கே போனாலும் மேட்டின் மேற்புறமாகவே அசையாமல் கிடந்தது.

“ஐயோ! நிழலையும் சேர்த்து வரைஞ்சு வச்சிருக்கான்!”

“போட்டோவைப் பார்த்து வரைஞ்சவன்,” என்றார் வக்கீலம்மா. “எது பெயிண்ட், எது நிழல்னு போட்டோவில அவனுக்குப் பிரிக்கத் தெரியல. கண்ணுல பட்டதையெல்லாம் அப்படியே வரைஞ்சுட்டான்.”

“சரி மேடம், ஆனா நிழல் மேல் பக்கமா விழுந்திருக்கே. அப்ப வெளிச்சம் கீழேயிருந்து வந்திருக்கணும். இங்க லைட் எல்லாம் கூரையில. தரையில யாரு லைட்டு வைப்பா?” அவன் ஓவியத்துக்கு இன்னும் நெருங்கினான். “இன்னொண்ணு. கறுப்புக் குருவி முதுகுல எல்லாம் லேசா சிவப்பு அடிக்குது. வெட்கப்படுதா என்ன?”

வக்கீலம்மா பதில் சொல்லாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது கட்டிலின் அருகே தாங்கியில் நின்ற ஒத்தட விளக்கில் அவர் பார்வை நின்றது. வலியுள்ள இடத்துக்குச் சூடு கொடுக்கும் சிவப்பு விளக்கு. அப்போது அது ஆள் உயரத்தில், கட்டிலைப் பார்த்துக் குனிந்திருந்தது.

“இதை எப்பவாவது கீழே இறக்குவீங்களா?”

திரைச்சீலை ஓரம் நின்ற உதவியாளர் பெண் பதில் சொன்னாள். “முதுகு, தோளுக்கெல்லாம் மேலே இருக்கும் மேடம். கைக்கு மட்டும் கட்டில் மட்டத்துக்கு இறக்கிடுவோம். பேஷண்ட் கண்ணு கூசும்னு அப்படியே சுவர்ப் பக்கமாத் திருப்பி வைப்போம்.”

“திருப்புங்க. கூரை லைட்டை அணைச்சிடுங்க.”

அவள் விளக்கை இறக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி எரியவிட்டாள். அறை முழுக்கச் சிவப்பு பரவியது. டிரைவர் ஓவியத்தைப் பார்த்தான். ஒவ்வொரு மேட்டின் நிழலும் வரைந்த நிழலின் மேல் போய்ச் சரியாகப் படுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றாகி, குருவிக்கு ஒரே நிழல்தான் இருந்தது.

“போட்டோ எடுத்தவன் இந்தக் கட்டில்ல உட்கார்ந்திருந்தான்,” என்றார் வக்கீலம்மா. “கைக்கு வைத்தியம் பார்க்க வந்தவன்.”

“கைக்கு வந்தவங்க நிறைய பேராச்சே,” என்றாள் உதவியாளர் பெண்.

“அவன் இந்தக் குழியை வலது கட்டைவிரலால போட்டிருக்கான். ஒவ்வொரு இறகையும் எண்ணி வச்சவன், நிழலைக்கூட விடாம வரைஞ்சவன், விரலை மட்டும் ஏன் மாத்தி வச்சான்?”

டிரைவர் தன் இரண்டு கட்டைவிரல்களையும் மாறி மாறிப் பார்த்தான். “அவசரமா இருக்கும்.”

“இடது விரல் இல்லாம இருக்கும்.”

உதவியாளர் பெண்ணின் கை வாய்க்குப் போனது.

“அந்த ஊமை பேஷண்ட்!”

“யாரும்மா?” என்றார் டாக்டர்.

“ஆறு தடவை வந்தார் டாக்டர். இடது கை நசுங்கி, கட்டைவிரலை எடுத்துட்டாங்க. மிச்ச நாலும் மடங்காது. எப்பவும் நான்தான் பார்த்தேன். நீங்க இந்தப் பக்கம் வந்தாலே வேணாம்னு எனக்குக் கையை ஆட்டுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எல்லாம் எழுதித்தான் காட்டுவார். முந்தாநாள், சனிக்கிழமை, பெரிய துணிப்பை ஒண்ணு கொண்டுவந்தார். ‘கொஞ்சம் தூங்கிக்கிறேன், திரையை இழுத்து விடுங்க’ன்னு எழுதிக் காட்டினார். நானும் பாவம்னு…”

“நீ ஏன் அவனை ஊமைன்னு நினைச்சே?” என்று வக்கீலம்மா கேட்டார்.

“பேசலையே மேடம்.”

“பார்வை இல்லாத டாக்டர்கிட்ட வர்றவன் முகத்தை மறைக்க வேண்டியதில்ல. குரலைத்தான் மறைக்கணும். டாக்டருக்குத் தெரிஞ்ச குரல்.”

டாக்டர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். சிவப்பு வெளிச்சம் அவர் முகத்தின் பாதியில் விழுந்திருந்தது.

“ஆக்சிடெண்ட்ல அவன் கை நசுங்கிடுச்சுன்னு அப்பவே சொன்னாங்க,” என்றார். “கேட்டுட்டு, ‘கையோட ஏன் நின்னுச்சு’ன்னுதான் நினைச்சேன். அவனா? என் இடத்துக்கு வந்து, என் கட்டில்ல உட்கார்ந்து, என் ஆளுங்க கையால வைத்தியம் பார்த்துட்டு…” அவர் எழுந்து நின்றார். “கேக் கடை வச்சிருக்கான். என் தங்கச்சி அங்கதான் வேலை பார்த்தா. போய் அவனைக் கூட்டிட்டு வாங்க. குருவியையும்.”

புறப்படும்போது வக்கீலம்மா டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கமாகச் செய்யாத காரியம். பிடித்த கையை உடனே விடவும் இல்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, ஒரு கணம் அப்படியே நின்றார்.

*

கேக் கடையின் பின்கட்டு வெளியில் இருந்த வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் குளிர்ந்து கிடந்தது. எஃகு மேசை மேல் மூன்றடுக்குக் கேக் ஒன்று சுழலும் தட்டில் நின்றது. வெள்ளை ஏப்ரன் போட்ட ஒரு மனிதன் தட்டையான கத்தியால் அதன்மேல் கிரீமை அள்ளி அப்பிக்கொண்டிருந்தான். வலது கையில் கத்தி. இடது கையில் கையுறை. கையுறையின் கட்டைவிரல் காலியாக மடங்கித் தொங்கியது.

“ஆர்டர் கொடுக்க வந்தோம்,” என்றான் டிரைவர். “ரெட்டைவால் குருவி போட்ட கேக் ஒண்ணு. நிழலும் சேர்த்துப் போட்டுடுங்க, அதுல நீங்க கெட்டிக்காரராமே.”

கத்தி நின்றது. கேக் மட்டும் அரைச்சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

வக்கீலம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. குளிர்பெட்டி உறுமி அடங்கியது. மறுபடி உறுமியது. கேக்காரனின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை பூத்தது.

“அவங்க கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்,” என்றான் அவன்.

வக்கீலம்மா அசையவில்லை.

“திருடணும்னு போகல மேடம். முதல்ல பார்க்கத்தான் போனேன். பார்த்தப்புறம் விட்டுட்டு வர முடியல. அவங்க வெறும் கையோட நிக்கக் கூடாதுன்னுதான் நாலு ராத்திரி உட்கார்ந்து இன்னொண்ணு பண்ணினேன். அவ கத்தி பிடிக்கக் கத்துக்கிட்டது என்கிட்டத்தான். அவ கை எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்.”

“குருவி எங்கே?” என்றான் டிரைவர்.

அவன் தலையால் காட்டினான். உள்ளறைச் சுவரில், வேலைக்கு வருபவர்களின் ஏப்ரன்கள் மாட்டும் ஆணிகளுக்கு நடுவே, ஓவியம் இருந்தது. நகலைப் பார்த்துவிட்டு அசலைப் பார்த்த டிரைவர் விசில் அடித்தான். இந்தக் குருவியின் மேல் வெளிச்சம் வழுக்கியது. நெஞ்சில் ஆழமாக ஒரு குழி. வக்கீலம்மா அதில் தன் இடது கட்டைவிரலை வைத்து எடுத்தார்.

பக்கத்து ஆணியில் ஒரு சின்ன ஏப்ரன் தொங்கியது. அதன் பையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை. வக்கீலம்மா அதில் ஒன்றை எடுத்தார். “அவளுடையதா?”

“ஆமா. எடுத்துப் போட மனசு வரல.”

வக்கீலம்மா அதைத் தன் இடது கையில் மாட்டிப் பார்த்தார். பாதி விரல்வரைகூட ஏறவில்லை. கட்டைவிரல் வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் கையுறையைக் கழற்றி ஏப்ரன் பையில் இருந்தபடியே வைத்தார்.

“டாக்டர் கையும் என் கையும் ஒரே அளவு,” என்றார். “வரும்போது வச்சுப் பார்த்தேன். அந்தக் குழியில என் விரலே லூசாப் போகுது. இவ்வளவு சின்னக் கை அவ்வளவு பெரிய குழியை எப்படிப் போட்டிருக்கும்?”

டிரைவர் ஓவியத்தையும் கேக்காரனின் காலிக் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தான். இந்த முறை கழுத்து வலிக்கவில்லை.

“அது உங்க விரல்,” என்றார் வக்கீலம்மா.

கேக்காரன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“இங்கதான் வரைஞ்சா. இந்த மேசையில. ‘உன்னை வேணாம்னு சொன்ன அக்கா தினமும் உன்னைத் தொடப் போறா பாரு’ன்னு சொல்லிட்டு, என் விரலைப் பிடிச்சு அவளே அமுக்கினா. சிரிச்சுக்கிட்டே. ‘பழகினப்புறம் சொல்லிடறேன், அதுக்கப்புறம் எப்படி வேணாம்னு சொல்வா’ன்னா. அக்கா பிறந்தநாளுக்குச் சொல்றதா இருந்தா.” அவன் கையுறையைக் கழற்றினான். கட்டைவிரல் இருந்த இடம் வழவழப்பாக, தழும்பாக இருந்தது. “அவ பிடிச்ச விரல் இப்ப அந்தப் படத்துல மட்டும்தான் இருக்கு மேடம்.”

“வேகமா ஓட்டினது நீங்கதானே?”

“நான்தான்.” அவன் கண்களைத் தாழ்த்தவில்லை. “மெதுவாப் போன்னு ரெண்டு தடவை சொன்னா.”

குளிர்பெட்டி மறுபடி உறுமியது.

“கூட்டிட்டுப் போங்க. என்ன கேஸ் வேணும்னாலும் போடட்டும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அது என் விரல்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க. சொன்னா அவங்களுக்கு அதுவும் போயிடும்.”

காரில் திரும்பும்போது கேக்காரன் பின்சீட்டில் வக்கீலம்மாவின் பக்கத்தில், ஓவியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது சிக்னலில் டிரைவர் கண்ணாடி வழியாக வக்கீலம்மாவைப் பார்த்தான். “சொல்லப் போறீங்களா மேடம்?” என்று வாயசைத்தான். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அசலை அதன் ஆணியில் மாட்டியதும் டாக்டர் அருகில் வந்தார். வாலிலிருந்து ஆரம்பித்து இறகு இறகாக விரலை ஓட்டினார். கடைசியில் இடது கட்டைவிரலைக் குழியில் வைத்தார். அவர் தோள் இறங்கியது. காலையிலிருந்து இறுகியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

“வந்துட்டா,” என்றார்.

டிரைவர் தன் செருப்பைப் பார்த்தான்.

“அவன் எங்கே?”

“இங்கதான் இருக்கேன்க்கா.”

அந்தக் குரலைக் கேட்டதும் தளர்ந்த முகம் மறுபடி மூடிக்கொண்டது. “அக்கான்னு கூப்பிடாதே. கையைக் கொடு.”

அவன் இடது கையை நீட்டினான். டாக்டர் அதை வாங்கித் தொழில்முறையில் படித்தார். மணிக்கட்டு, எலும்புகள், விறைத்த நான்கு விரல்கள், தழும்பு. “நல்லாத்தான் நசுங்கியிருக்கு,” என்றார் திருப்தியாக. “அந்தக் கையையும் கொடு. என் குருவி மேல வச்ச கையையும் பார்க்கணும்.”

வக்கீலம்மா ஒரு அடி முன்னால் வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

டாக்டர் அவனுடைய வலது கட்டைவிரலை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தார். நகத்தின் அகலத்தைத் தடவினார். முதல் கணுவின் மேட்டைத் தடவினார். கணு லேசாக வெளிப்புறம் வளைந்திருந்தது, பிறவி வளைவு. அவர் விரல்கள் அந்த வளைவுக்கு மறுபடியும் போயின. மூன்றாவது முறையும் போயின.

பிறகு அவனை விடாமலேயே, தன் இடது கையை உயர்த்தி ஓவியத்தின் குழிக்குள் வைத்தார். உள்ளே அதே அகலம். அதே கணு. அதே வளைவு, எதிர்ப்புறமாக.

ஆயிரக்கணக்கான கைகளைப் படித்தவர், பதினாலு மாதம் தினமும் தொட்ட ஒரே கையைப் படிக்காமல் விட்டிருந்தார். குழி பெரிதாக இருப்பதற்கு அவராகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“யாரு பண்ணின வேலை இது?” என்றார்.

“அவதான்.”

“எதுக்கு?”

“நீங்க என்னை ஏத்துக்கணும்னு.”

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு உதவியாளர் பெண் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“சரியான ரெட்டைவாலு. அவளும் என்னை ஏமாத்திட்டா. நீயும் ஏமாத்திட்டே. பதினாலு மாசமா காலையில உன்னைத் தொட்டுட்டு, நாள் முழுக்க உன்னைச் சபிச்சிருக்கேன்.” குழியிலிருந்து கையை எடுத்தார். “அவ செத்தது ஒரு தடவை. இப்ப ரெண்டாவது தடவை.”

“போலீஸைக் கூப்பிடட்டுமா டாக்டர்?” என்று டிரைவர் மெல்லக் கேட்டான்.

“எதுக்கு? இன்னொரு ஆறு மாசம் கொடுக்கவா?” டாக்டர் கட்டிலைத் தட்டினார். “உட்காரு.”

கேக்காரன் உட்கார்ந்தான்.

“இந்த நாலு விரலும் மடங்காதுன்னு யாரு சொன்னா?”

“ஆஸ்பத்திரியில.”

“அவங்க நல்லவங்க. வலிக்கும்னு விட்டிருப்பாங்க. நான் அவ்வளவு நல்லவ இல்ல.” அவன் இடது கையைத் தன் மடியில் வைத்து, ஆள்காட்டி விரலின் அடியில் தன் விரலைக் கொடுத்தார். “இந்தக் கையை நீ மரத்துப்போக விட்டுட்ட. ஒண்ணும் தெரியாம நிம்மதியா வச்சிருக்கே. அது கூடாது. இதுக்கு உணர்ச்சி வரணும். சூடு தெரியணும், குளிர் தெரியணும். அந்த விரல் இல்லைங்கிறது ஒவ்வொரு தடவை எதையாவது பிடிக்கும்போதும் தெரியணும். தினமும் பத்து மணிக்கு வருவே. ஒரு நாள் வராட்டியும் கேஸ் போடுவேன். எவ்வளவு நாள்னு கேட்காதே.”

“வரேன்.”

“பேசாதே. ஆறு தடவை பேசாமத்தானே உட்கார்ந்திருந்தே. பத்து எண்ணுவேன்.”

அவர் விரலை மடக்கினார். கேக்காரனின் தொண்டையிலிருந்து மனிதச் சத்தமாக இல்லாத ஒன்று வந்தது. டிரைவர் தன்னையறியாமல் முன்னால் பாய்ந்தான். வக்கீலம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒண்ணு,” என்றார் டாக்டர். “ரெண்டு.”

கட்டில் சட்டத்தைப் பற்றியிருந்த அவனுடைய வலது கை வெளுத்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“ஆறு. ஏழு.”

ஏழுக்குப் பிறகு அவர் நிறுத்தினார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பிடி தளரவில்லை. அறையில் அவன் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. எட்டு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“எண்ணிக்கை விட்டுப்போச்சு,” என்றார் டாக்டர். “மறுபடியும் ஒண்ணுலேர்ந்து.”